நான் இடைமறித்த பதில்

சென்ற மாதம் நீங்கள் மூவரும் என் வீட்டுக்கு வந்து, டேனிஷ் பாடசாலையில் மெய்யியல் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறோம், ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கதைத்தேன். நீங்களும் மரியாதையாகக் குறிப்பெடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் போன பிறகு யன்னலோரம் நின்று பார்த்தேன். மூன்று சைக்கிள்களும் மழைக்குள் மங்கி, தெருமுனையில் மறைந்தன. சொல்லவேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். எழுத்தில் என்றால் முகம் பார்க்காமல் சொல்லலாம். எனக்கு அந்தச் சலுகை தேவைப்படுகிறது.

ஒடென்சே நகரில், வயதுவந்தவர்கள் படிக்கும் பாடசாலை ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வேலை மாற விரும்புகிறவர்கள், வேறு நாடுகளிலிருந்து வந்து இங்கே சான்றிதழ் இல்லாமல் நின்றவர்கள் அங்கே வருவார்கள். வகுப்பில் இருபது வயதுக்காரருக்குப் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் இருப்பார். நான் கற்பித்த பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி பதினேழாம் நூற்றாண்டு. ஐரோப்பாவில் அறிவு தன் சொந்தக் காலில் எழுந்து நின்ற காலம் அது. பழைய நூல்களில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்பமாட்டேன், நானே பார்ப்பேன், அளப்பேன், எண்ணுவேன் என்று சிலர் சொல்லத் தொடங்கிய காலம். கணப்பு அறைக்குள் தனியே இருந்து எல்லாவற்றையும் சந்தேகித்துப் பார்த்த பிரெஞ்சுக்காரர். மனிதர் மனத்தில் குடியிருக்கும் பொய்த் தெய்வங்களை நான்கு வகையாகப் பிரித்த ஆங்கிலேயர். இந்த நாட்டிலேயே பிறந்து, இதயத்தை அறுத்துப் பார்த்து, இது வேறொன்றும் இல்லை, வெறும் தசை என்று சொன்ன உடற்கூற்றியலாளர். இவர்களைப் பற்றிக் கதைக்கும்போது எனக்குக் குரல் மாறிவிடும் என்று மாணவர்கள் சொல்வார்கள். உண்மைதான். யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு எனக்கு ஊர் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த நூற்றாண்டுதான். அங்கே யாரும் யாரையும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, ஆதாரம் என்ன என்றுதான் கேட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் ஒரு கனவுதான். அந்தக் காலத்திலும் மனிதர்களை எரித்திருக்கிறார்கள்.

அந்தப் பாடசாலையில் தமிழன் என்று நான் ஒருவன்தான் கற்பித்தேன். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் பையனுக்கு வாய்மொழிப் பரீட்சையில் பத்து என்ற உயர்ந்த புள்ளி கிடைத்தது. அடுத்த நாள் ஆசிரியர் அறையில், கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன, சொந்தக்காரச் சலுகையோ?" என்றார். கெட்ட மனிதர் அல்ல. டேனிஷ்காரர் எல்லாவற்றையும் பகிடி பண்ணுவார்கள், உங்களுக்குத் தெரியும். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என் கோப்பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகும் வழியில், இனி இந்தக் கட்டடத்துக்குள் ஒருவரோடும் தமிழ் கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவுக்கு நடுநிலைமை என்று பெயர் வைத்தேன். பெயர் நன்றாக இருந்ததால் அதைத் திரும்பத் திறந்து பார்க்கவேயில்லை.

எஸ்தர் என் வகுப்புக்கு வந்தது ஊரில் போர் முடிந்ததற்கு முந்திய வருடம், கோடையின் கடைசியில். அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராகப் பன்னிரண்டு வருடம் வேலை செய்திருந்தார். தாதியாக வேண்டும் என்பது அவர் ஆசை. இல்லம் அவருக்குப் படிப்பு விடுப்புக் கொடுத்திருந்தது, அந்த ஒரு வருடத்துக்கு மட்டும். வார இறுதிகளில் போய் வேலை செய்வார். ஞாயிற்றுக்கிழமை காலை பெந்தெகொஸ்தே சபை, பின்னேரம் இல்லம், திங்கட்கிழமை என் வகுப்பு. முதல் நாள் வாசலில் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வணக்கம் சேர், நீங்கள் எங்கட ஆள் எண்டு பெயரைப் பாத்த உடன நினைச்சனான்" என்றார். நான் டேனிஷில், "வரவேற்கிறேன், இரண்டாவது வரிசையில் இடம் இருக்கிறது" என்றேன். ஒரு கணம் நின்றார். பிறகு டேனிஷில் நன்றி சொல்லிவிட்டுப் போய் இருந்தார். அதற்குப் பிறகு அவரும் என்னோடு தமிழ் கதைக்கவில்லை.

சந்தேகத்தைப் பற்றிய பாடத்தன்று அவர் கை உயர்த்தினார். அந்தப் பிரெஞ்சுக்காரர் உடம்பைச் சந்தேகித்தார், உலகத்தைச் சந்தேகித்தார், கடைசியில் சந்தேகிக்கிற 'நான்' மட்டும் மிஞ்சியது என்று விளக்கி முடித்திருந்தேன்.

"அவருக்குச் சாப்பாடு ஆர் கொண்டுவந்து குடுத்தது?" என்று கேட்டார் எஸ்தர். டேனிஷில்தான் கேட்டார், ஆனால் கேட்ட விதம் அப்படியே எங்கள் பெண்கள் கேட்கிற விதம். வகுப்பு சிரித்தது.

"வேலைக்காரர் யாராவது இருந்திருப்பார்" என்றேன்.

"அந்த ஆளை அவர் சந்தேகிக்கேல்லையோ?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவர் இன்னொன்று சொன்னார்: எங்கள் இல்லத்தில் ஒரு அம்மா இருக்கிறார். ஒவ்வொரு காலையும் எழும்பி எல்லாவற்றையும் சந்தேகிப்பார். இது என் வீடு இல்லை, இது என் கை இல்லை, நீ யார் என்று கேட்பார். எல்லாம் போன பிறகும் 'நான்' மிஞ்சும் என்று இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அதுவும் மிஞ்சவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தால்தான் தன் பெயர் ஞாபகம் வரும்.

அந்தத் தத்துவத்துக்கு எதிராகப் பெரிய பெரிய நூல்களில் எழுதப்பட்ட மறுப்புகளைப் படித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் என்னை அன்றுபோல் வாயடைக்க வைத்ததில்லை. இருபத்தைந்து வருடத்தில் எனக்கு வாய்த்த மிகச் சிறந்த மாணவர் அவர்தான். அதை அன்றே அறிந்தேன். அவருக்கு நான் சொன்னது, "சுவையான கருத்து. பாடத்துக்குத் திரும்புவோம்."

ஊரில் போர் முடிவை நெருங்கிய அந்த வசந்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் சிலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக, பெற்றோரோடு கொப்பன்ஹேகனில் பாராளுமன்றத்தின் முன்னால் போரை நிறுத்தச் சொல்லி நின்றிருப்பீர்கள். நான் போகவில்லை. திருத்தவேண்டிய கட்டுரைகள் இருந்தன என்று சொல்லிக்கொண்டேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சத்தம் ஒன்றும் கேட்பதில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது. பீச் மரங்கள் ஒரே கிழமையில் பச்சையாகின. நகருக்கு வெளியே கடுகு வயல்கள் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சளில் கிடந்தன. அதற்குள்ளால் சைக்கிளில் போவேன். சட்டைப் பையில் கைத்தொலைபேசி அதிர்ந்துகொண்டேயிருக்கும். ஒருவர் ஒன்று சொல்வார், அடுத்தவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். ஆதாரம் வரட்டும், பார்ப்போம் என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். நிதானமான மனிதர் என்று என்னைப் பற்றி ஒரு பெயர் இருந்தது. தண்ணீருக்கு அடியில் நடந்துபோகிறவனும் வெளியிலிருந்து பார்த்தால் நிதானமாகத்தான் தெரிவான்.

எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று எனக்கு வகுப்பு இருந்தது. எஸ்தர் வந்திருந்தார். வகுப்பில் மற்ற யாருக்கும் ஒன்றும் தெரியாது. யாரோ கேக் கொண்டுவந்திருந்தார்கள். அவரும் ஒரு துண்டு எடுத்தார். பாடம் முடியும்வரை அது கடதாசித் தட்டில் அப்படியே இருந்தது. வகுப்பு முடிந்து சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, பஸ் தரிப்பிடத்திலிருந்து அவர் திரும்பி வந்தார்.

"அண்ணை" என்றார். அப்படி அழைத்தது அதுதான் முதல் தரம். "தம்பி அங்க சண்டைக்குள்ளதான் நிக்கிறான். அஞ்சு நாளைக்கு முதல் ஒருக்கா போன் எடுத்தவன். பிறகு இல்லை."

ஆசிரியர் அறையின் யன்னல் எங்களுக்கு நேர் மேலே இருந்தது. திறந்திருந்தது.

நான் டேனிஷில், "மிகவும் வருந்துகிறேன். புதன்கிழமை சந்திப்போம்" என்றேன்.

இதை எழுதி முடித்துவிட்டு நாற்காலியை விட்டு எழும்பி, சமையலறைக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தொடர்கிறேன்.

பரீட்சை ஜூன் தொடக்கத்தில் வந்தது. நீங்கள் இன்னும் ஆசிரியராக இருந்து வாய்மொழிப் பரீட்சை நடத்தாதபடியால் முறையைச் சொல்கிறேன். பச்சைத் துணி விரித்த மேசை. அதன் ஒரு பக்கம் கற்பித்த ஆசிரியர். அவருக்குப் பக்கத்தில் வேறு பாடசாலையிலிருந்து அனுப்பப்பட்ட வெளித்தேர்வாளர். மாணவர் ஒரு துண்டை இழுப்பார். அதில் வந்த தலைப்பில் கொஞ்ச நேரம் ஆயத்தம் செய்துவிட்டு வந்து கதைப்பார். முடிந்ததும் வெளியே போவார். இருவரும் புள்ளியைத் தீர்மானித்து, திரும்ப அழைத்துச் சொல்வார்கள். இங்கே புள்ளிகள் இரண்டு, நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று தாவிப் போகிறவை. இருவரும் ஒத்துவராவிட்டால் நடுவில் நிற்பதை எடுப்பார்கள். எஸ்தருக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. தாதிக் கல்லூரியில் இடம் கிடைக்க இதில் பத்து எடுக்கவேண்டும் என்று பாடசாலை ஆலோசகர் அவருக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும்.

அன்று வெளித்தேர்வாளராக வந்தவர் ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த ஒரு அம்மா, நாட்டின் மேற்குப் பகுதியான யூட்லாண்டைச் சேர்ந்தவர். குறைவாகக் கதைப்பார். எல்லாவற்றையும் ஒரு கறுப்புக் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுவார்.

எஸ்தர் இழுத்த துண்டில் ஒளியின் வேகம் இருந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். இந்த நாட்டு வானியலாளர் ஒருவர் வியாழன் கிரகத்தின் நிலவு ஒன்று மறைவதையும் வெளிவருவதையும் கவனித்துக்கொண்டிருந்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் நிலவு பிந்தி வந்தது. நிலவு பிந்தவில்லை, ஒளிதான் வந்துசேர நேரம் எடுக்கிறது என்று அவர் அனுமானித்தார். வரப்போகிற ஒரு கிரகணம் பத்து நிமிடம் பிந்தும் என்று முன்கூட்டியே சொன்னார். பிந்தியது. ஒளி உடனே வந்துவிடுகிறது என்று உலகமே நம்பியிருந்தபோது, ஒரு மனிதர் தன் எண்களை நம்பினார்.

எஸ்தர் இதை நன்றாகச் சொன்னார். அவருடைய டேனிஷ் தயங்கித் தயங்கி வந்தது, ஆனால் ஒரு படியும் தவறவில்லை. அறைக்குள் வெயில் சரிவாக விழுந்து மேசைத் துணியின் நூல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தூசி மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த அறை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது, எப்போது வேண்டுமென்றாலும் உள்ளே போகலாம் போல.

பிறகு அவர் கையிலிருந்த கடதாசியை மேசையில் வைத்தார். "கண்ணால் கண்டால் நம்பலாம் என்று சொல்வார்கள்" என்றார். "அந்த ஆள் கண்டது பொய் இல்லை. ஆனால் அவர் கண்ட நேரத்தில் அங்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. என் தம்பி எனக்குக் கடைசியாகத் தொலைபேசி எடுத்தபோது, நாங்கள் எல்லாரும் நலம் என்று சொன்னான். அதுவும் பொய் இல்லை. ஆனால் அதை நான் நம்பிக்கொண்டிருந்த நாட்களில்..."

"பாடப்பகுதியோடு நில்லுங்கள்" என்றேன்.

என் குரல்தான். மிகத் தெளிவாக, மிக நல்ல டேனிஷில்.

வெளித்தேர்வாளர் பென்சிலை உயர்த்தினார். "அவர் முடிக்கட்டுமே."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் ஆறு நிமிடம்தான் இருக்கிறது. அறிவியல் முறையைப் பற்றி இன்னும் ஒன்றும் கேட்கவில்லை." எஸ்தர் பக்கம் திரும்பி, தனித்தனி நிகழ்வுகளிலிருந்து பொது விதிக்குப் போகும் தொகுத்தறிதல் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். கடினமான கேள்வி. வேறு எவரிடமும் அதைக் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஒரு சொல்லில் பதில் சொன்னார். அடுத்த கேள்விக்கும் ஒரு சொல். நேரம் முடிந்தது.

கதவு மூடியதும் வெளித்தேர்வாளர், "பத்து" என்றார். "நீ குறுக்கே வரும்வரை பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

"நான்கு" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எதற்கு நான்கு?"

சொந்தக் கதைக்குள் வழுக்கிப் போய்விட்டார், முறையைப் பற்றி விளக்கமில்லை, கடைசி ஆறு நிமிடமும் வெறுமை என்று அடுக்கினேன். ஒவ்வொன்றும் உண்மை. அந்த வெறுமையை உண்டாக்கியவன் நான் என்பதைத் தவிர எல்லாம் சொன்னேன்.

"அவர் சொல்லவந்தது பாடத்தின் உச்சி" என்றார் அவர். "பார்ப்பதற்கும் இருப்பதற்கும் இடையில் நேரம் இருக்கிறது என்றால் நம் அறிவுக்கு என்ன ஆகிறது? அந்த வானியலாளரே இந்தக் கேள்விவரை வரவில்லை."

"நான்கு" என்றேன் திரும்பவும்.

ஏழு என்று எழுதினோம். அவர் கையெழுத்திட்டுப் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "நீ எனக்குப் பயந்தாய். நான் இதுவரை யாரையும் கடித்ததில்லை."

எஸ்தரை அழைத்துப் புள்ளியைச் சொன்னேன். வழக்கப்படி கைகொடுத்தேன். அவர் கை குளிர்ந்திருந்தது. "நன்றி" என்றார்.

கடைசிப் பரீட்சை என்பதால் அவருடைய கணவரும் மகளும் முற்றத்தில் சின்னக் கொடியோடும் வெள்ளைத் தொப்பியோடும் நின்றார்கள். கடைசிப் பரீட்சையின் புள்ளியைத் தொப்பியின் உட்பக்கத்தில் எழுதுவது இங்கத்தைய வழக்கம் அல்லவா? யன்னல் வழியே எனக்கு எல்லாம் கேட்டது. மகள் பேனையைத் திறந்து பிடித்துக்கொண்டு டேனிஷில், "எத்தனை, அம்மா, எத்தனை?" என்றாள்.

"ஏழு."

மகள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு கணவர், "ஏழு நல்ல இலக்கம்தானே. கர்த்தரே ஏழாம் நாளில வேலையை விட்டுட்டு இருந்தவர். நீயும் கொஞ்சம் இரு" என்றார்.

"சும்மா இருங்கோ, உங்களுக்கு எல்லாத்துக்கும் பகிடி" என்று எஸ்தர் சிரித்தார். மகள் குனிந்து தொப்பிக்குள் எழுதினாள். அவள் எழுதிய விதம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு இலக்கம் எழுத அவ்வளவு நேரம் எடுக்காது, வேறு ஏதோவும் சேர்த்து எழுதினாள் போல.

இதுவரை நான் சொன்னது அவசரத்தில் நடந்த தவறு. இருபத்து நான்கு நிமிடத்துக்குள், ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, மூளை தன் பழைய பயத்துக்குள் ஓடி ஒளிந்தது. அப்படிப்பட்ட தவறு உங்களுக்கும் நேரும். அந்த ஆங்கிலேயர் சொன்ன பொய்த் தெய்வங்களில் ஒன்று, ஒவ்வொரு மனிதனும் தன் சொந்தக் குகைக்குள் வைத்துக் கும்பிடுவது. அதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியவன் நான். என் குகையில் இருந்தது ஆசிரியர் அறையில் கேட்ட ஒரு பகிடி.

அடுத்தது அவசரத்தில் நடந்ததல்ல.

புள்ளியில் குறை இருந்தால் இரண்டு கிழமைக்குள், அதாவது பதினான்கு நாளுக்குள், முறைப்பாடு கொடுக்கலாம். கொடுத்தால் வெளித்தேர்வாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். அந்தக் கறுப்புப் புத்தகத்தில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் காலை எஸ்தர் என் அறைக்கு வந்தார். இல்லத்தின் சீருடையோடு வந்திருந்தார். விடுமுறையில் போனவர்களுக்குப் பதிலாக அவரை அழைத்திருந்தார்களாம். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, இருக்காமல் நின்றபடியே கதைத்தார், தமிழில்.

"சேர், ஒண்டு கேக்கவேணும். கோவிக்கக்கூடாது. நான் முறைப்பாடு குடுத்தாச் சரிவருமோ?"

நான் மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கினேன்.

"எனக்கு உந்தச் சட்டங்கள் விளங்காது. நீங்கள் சொன்னாச் சரி. சரிவரும் எண்டாக் குடுக்கிறன். இல்லையெண்டா விடுறன்."

அந்தக் கட்டடத்துக்குள் பல வருடங்களாக நான் தமிழில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். மிகவும் கனிவாக, ஒரு மூத்த சகோதரனைப் போலச் சொன்னேன்.

"சரிவராது எஸ்தர். பரீட்சைக்கு வந்த அம்மாவுக்கும் அதே அபிப்பிராயம்தான். வீணாக் கரைச்சல்படாதேங்கோ."

அவர் தலையை ஆட்டினார். "ஓம் சேர். அப்ப சரி" என்றார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அவருக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. விடுப்பு முடிந்தது, இல்லத்துக்கே திரும்பினார். இதைச் சபைக்குப் போகும் ஒருவர் மூலம் பிற்பாடு கேள்விப்பட்டேன். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த வானியலாளரின் பாடம் வரும்போதெல்லாம் நான் வேகமாகக் கடந்துபோனேன். வகுப்பில் யாராவது சொந்தக் கதை சொல்லத் தொடங்கினால் முடிக்கும்வரை இருந்தேன். மாணவர்கள் என்னைப் பொறுமைசாலி என்றார்கள். பொறுமை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. நடுநிலைமை என்று பெயர் வைத்து ஏற்கெனவே பட்டவன் நான்.

ஓய்வுபெற்று நான்கைந்து வருடம் கழித்து, ஒடென்சேயில் டிராம் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். டிராம் சத்தமில்லாமல் போனது. இலையுதிர் காலத்துப் பின்னேர வெயில், ஒருவர் முகமும் சரியாகத் தெரியாத பொன் நிறம். இறங்கவேண்டிய தரிப்பிடத்தில் இறங்காமல் கடைசித் தரிப்பிடம்வரை போய்த் திரும்பி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்தர் கதவைத் திறந்தார். முடி நரைத்திருந்தது. ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது, இப்போது பாதி நேரம்தான் வேலை என்றார். "உள்ளுக்கு வாங்கோ சேர், சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை" என்றார். கழற்றினேன். சோபாவில் துவைத்து உலர்த்திய துணிகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஒரு பக்கம் தள்ளி எனக்கு இடம் செய்துவிட்டு, மடிக்கத் தொடங்கினார்.

நான் ஆயத்தம் செய்து வந்ததைச் சொன்னேன். இரண்டாவது நிமிடத்தில் ஆயத்தம் செய்தது எல்லாம் மறந்துபோனது. வெறுமனே, நான் நான்கு போட்டேன், அந்த அம்மா பத்துப் போட்டார், முறைப்பாடு கொடுத்திருந்தால் சரிவந்திருக்கும், நான் உங்களுக்குப் பொய் சொன்னேன் என்றேன்.

அவர் ஒரு தலையணை உறையை மடித்து வைத்தார்.

"அது எனக்குத் தெரியும் சேர்."

"எப்பிடி?"

"அண்டைக்கே அந்த அம்மா வாசல்ல வந்து என்னைப் பிடிச்சவ. 'இரண்டு கிழமை இருக்கு. என்ர குறிப்புப் புத்தகம் பத்திரமா இருக்கு' எண்டு சொன்னவ. வேற ஒண்டும் சொல்லேல்லை. நான் என்ன விசரியே, அது விளங்காம இருக்க?"

"அப்ப ஏன் என்னட்டை வந்து கேட்டனீங்கள்?"

"பாத்தனான்." சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள், சும்மா நம்பக்கூடாது, செய்து பாக்கவேணும் எண்டு. இவர் உண்மையைச் சொல்லுவார், சொல்லமாட்டார் எண்டு எனக்குள்ள இரண்டு கதை. செய்து பாத்தன்."

பரிசோதனை என்றால் என்ன என்று கால் நூற்றாண்டு விளக்கிய எனக்கு, அதற்குள் வைக்கப்பட்ட பொருளாக இருப்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.

"சரி, நான் சொல்லேல்லை. பிறகு ஏன் முறைப்பாடு குடுக்காமல் விட்டீங்கள்? அஞ்சு நாள் இருந்ததே. உங்களுக்குப் பத்து வந்திருக்கும்."

அவர் கையில் இருந்த துணியின் மூலைகளைச் சேர்த்துப் பிடித்தார்.

"குடுத்திருந்தா உங்களைக் கூப்பிட்டு விசாரிச்சிருப்பாங்கள். ஏன் நாலு போட்டனி, ஏன் இடையில மறிச்சனி எண்டு. உங்கட வேலைக்கும் ஏதும் வந்திருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில எங்கட ஆள் எண்டு நீங்கள் ஒராள்தான் இருந்தனீங்கள்." துணியை மடித்து வைத்தார். "அந்த மாசம் எங்களுக்கு எல்லாம் போயிட்டுது சேர். தம்பியும் போயிட்டான். இருக்கிற ஒண்டையும் நானே போகவிட எனக்கு மனம் வரேல்லை."

நான் அந்தப் பாடசாலையில் அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். யார் விட்டுக்கொடுத்து நான் அங்கே இருந்தேன் என்று தெரியாமல், ஒவ்வொரு காலையும், பகுத்தறிவைப் பற்றிக் கற்பித்தேன்.